கொழும்பு நகரும் அதன் உழைப்பாளரும்

கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு மதிலுக்கு 1875ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர், பிற்காலத்தில் ஏழாம் எட்வேர்ட் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர். அப்பெருமுயற்சிக்கு ஊக்கமளித்தவர் தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகறி. அதன் அமைப்பை வகுத்தவர் பொறியியலறிஞர் சேர் ஜோன் கூட். இம்மூவர் பெயரும் நகர வரலாற்றில் நிலைபெற்றுள்ளன. அம்மதிலுக்கு வேண்டிய கருங்கற்களை மஹரவில் உடைத்துத் தந்தவர்களோ சிறைக்கைதிகள். அவர்தம் பெயரை அறிவார் இலர். கொழும்பை ஆண்டோர் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கின்றது. அந்நகரின் சுமையைத் தாங்கினோர் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதும் ஆராய்தற்குரியதே.

புகையிரதம் வருமுன் மலைநாட்டுக் கோப்பி முழுவதும் மாட்டுவண்டிகளிலேயே கொழும்பை அடைந்தது. கண்டி வீதியிலே பல நாள் நடந்த எருதுகள், கிராண்ட்பாஸை அடுத்துக் களனி கங்கையின் மேல் அமைந்திருந்த படகுப் பாலத்தைக் கடந்து நகருட் புகுந்தன. அவை திரும்பும்போது அரிசி முதலிய பண்டங்களைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றன. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியபின் நெடும்பயண வண்டித் தொழில் தளர்ந்தது. எனினும் வண்டிக்காரரின் தேவை ஒழிந்துவிடவில்லை. புகையிரத நிலையத்துக்கும் கிட்டங்கிகளுக்கும் துறைமுகத்துக்கும் இடையே பண்டங்களைக் கொண்டுசெல்லும் பணி அவர்களிடமே எஞ்சி நின்றது.

1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை நாளடைவில் அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. 1885இல் தென்மேற்கு மதில் நிறைவெய்த, காலித் துறைமுகம் பெற்றிருந்த முதன்மை கொழும்பின் கைக்கு மாறிற்று. 1871இல் ஏறக்குறைய 100,000 ஆக இருந்த நகரின் குடித்தொகை, 1901இல் 155,000 ஆகவும், 1921இல் 244,000 ஆகவும் பெருகியது. இப்பெருக்கத்திற் பெரும் பங்கு, வேலை தேடி வந்தோரால் ஏற்பட்டதாகும்.

அக்காலக் கப்பல்கள் நிலக்கரியால் ஓடின. நீண்ட கடற்பயணத்தின் இடையே நிலக்கரி நிரப்பும் நிலையமாகக் கொழும்பு விளங்கியது. சரக்குப் படகுகளிலிருந்து கரிமூடைகளை முதுகிற் சுமந்து கப்பலில் ஏற்றியோர் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர். கங்காணி ஆள் சேர்த்தான். கூலியும் அவன் கை வழியாகவே வந்தது. கப்பல் வந்தால் இரவு பகலென்று பாராது உழைத்தல் வேண்டும். வராத நாளில் அடுப்பெரிதல் அரிது. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பகுதிகளிலே, 'தோட்டம்' என வழங்கிய நெருக்கமான குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தனர். காற்றும் வெளிச்சமும் அருகிய சிறு அறைகள், பலருக்கும் பொதுவான ஒரு நீர்க்குழாய் என்பனவே அங்கு அமைந்திருந்த வசதிகள். 1914இல் நகரிற் பரவிய பிளேக் நோய், இத்தகைய வாழ்வின் கொடுமையை யாவர்க்கும் உணர்த்தியது. ஆண்டுக்கொருமுறை ஆடி மாதத்தில், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் செல்லும் வேல் விழா, உழைத்துக் களைத்தோர்க்கு உவகை தந்த திருநாளாக அமைந்தது.

துன்பம் மிகுந்தவிடத்து வேலையை விட்டு நீங்குதலும் அவர்களுக்கு எளிதன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கும் கூலியாளனைச் சிறையிலிட வழி வகுத்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடைப்பட்ட வழக்கில் ஒருவனுக்கு மாத்திரம் சிறை என்பது நீதியாகுமா என வினவியோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை மேற்பார்வை செய்தவர் அவரே. நாட்டு மக்களை எண்ணிக் கணக்கிட்ட அப்பெரியார், பின்னர் அம்மக்களின் குடிசைகளையும் நாடிச் சென்றார். 1915இல் சமூக சேவைக் கழகத்தையும், 1919இல் தொழிலாளர் நலக் கழகத்தையும் நிறுவினார். கூலியாளரைச் சிறையிடும் விதி 1922ஆம் ஆண்டளவில் நீங்கியமைக்கு அவர்தம் முயற்சி பெருந்துணை புரிந்தது.

தொழிலாளரும் வாளாவிருந்தாரல்லர். 1893இல் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1906இல் நகரசபை விதியொன்றை எதிர்த்து வண்டிக்காரர் வண்டிகளை நிறுத்தியபோது நகரின் வாணிகமே தடைப்பட்டது. 1922இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டில் நிகழ்ந்த பொது வேலைநிறுத்தத்திலும், 1927இல் ஏறத்தாழ 13,000 பேர் ஈடுபட்ட துறைமுக வேலைநிறுத்தத்திலும் சிங்களவர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் ஆகியோர் ஒருங்கே நின்றனர். மொழியும் சமயமும் வேறாயினும் சுமை ஒன்றே என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

அவ்வொற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. நகரின் தென்கோடியில், வெள்ளவத்தையில் நூல்நூற்று நெசவு செய்யும் பேராலையொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் இயங்கி வந்தது. அதன் தொழிலாளருட் பெரும்பாலோர் மலையாளிகள். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் எங்கும் வேலை அருகியது. 1933 மாசி மாதத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்து ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கினார் இளைஞரான கொல்வின் ஆர். டி சில்வா. முன்னர் எல்லாரையும் ஒன்றுசேர்த்த குணசிங்கவின் சங்கமோ, இந்தியத் தொழிலாளரால் உள்ளூரார் வேலையிழக்கின்றனர் என்னும் கருத்தை மேற்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றது. வேலைநிறுத்தக்காரருக்குப் பதிலாக வேறு ஆட்கள் ஆலைக்கு அனுப்பப்பட்டனர். கூலியைக் குறைத்தவன் யார் என்னும் வினா மறைந்து, பக்கத்து இயந்திரத்தில் நிற்பவன் எவ்வினத்தான் என்னும் வினா எழுந்தது. பத்து ஆண்டுகளுக்குள் நேர்ந்த இம்மாற்றம், கொழும்புத் தொழிலாளர் வரலாற்றிலே பெரிதும் வருந்தத்தக்கது.

ஆயினும் அவர்தம் போராட்டங்கள் வீண்போகவில்லை. 1934இல் வேலையிற் காயமுற்றோர்க்கு நட்டஈடு வழங்கும் சட்டமும், 1935இல் தொழிற்சங்கச் சட்டமும், 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டமும், 1941இல் சம்பள நிர்ணய சபைகளுக்கான சட்டமும் இயற்றப்பட்டன. பின்னாளில் எழுதுவினைஞரும் ஆசிரியரும் கடைச் சிப்பந்திகளும் தத்தம் உரிமைகளைக் கேட்டுப் பெறுதற்குக் கரி சுமந்தோரும் வண்டி ஓட்டியோரும் முன்னரே வழி திறந்திருந்தனர்.

கரி ஏற்றும் தொழில் மறைந்துவிட்டது. கொள்கலன்களைப் பாரந்தூக்கி இயந்திரங்கள் எடுத்து வைக்கின்றன. வெள்ளவத்தை ஆலை இருந்த நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடி நகர் எழுந்துள்ளது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் இளைஞர், தம் தெருக்களின் பழைய வரலாற்றை முதியோர் வாயிலாகக் கேட்டு எழுதி வைத்தல் நன்று. 1923இன் ஒற்றுமையும் 1933இன் பிளவும் இந்நகரின் வரலாறே. அவ்விரண்டனுள் எதனைப் பின்பற்றுவது என்பது பின்வந்தோரின் அறிவைப் பொறுத்தது.