இரு துணைகளுடன் இரண்டு ஒலிம்பிக் தங்கம்: பூப்பந்து வீரர் ஃபூ ஹைஃபெங்

ஒலிம்பிக் பூப்பந்துப் போட்டியின் ஆண்கள் இரட்டையர் பிரிவில் இரண்டு முறை தங்கம் வென்ற முதல் ஆட்டக்காரர் சீனாவின் ஃபூ ஹைஃபெங். 2012இல் லண்டனில் சாய் யுனுடனும், 2016இல் ரியோ டி ஜெனிரோவில் ஜாங் நானுடனும் அவர் அந்தத் தங்கங்களை வென்றார். மலேசிய ரசிகர்களுக்கு அவர் பெயர் மறக்க முடியாதது. பல முக்கியமான ஆட்டங்களில் நம் இரட்டையர்களுக்கும் பட்டத்திற்கும் இடையே நின்றவர் அவர்.

இடக்கை ஆட்டக்காரர்

ஃபூ ஹைஃபெங் தென் சீனாவில் குவாங்டோங் மாநிலத்தின் ஜியெயாங் பகுதியைச் சேர்ந்தவர். இடக்கையால் ஆடுபவர். அவருடன் நீண்ட காலம் ஜோடி சேர்ந்த சாய் யுன், ஜியாங்சு மாநிலத்தின் சூசோவைச் சேர்ந்த வலக்கை ஆட்டக்காரர்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை என்று அமைவது பெரிய அனுகூலம். இருவரும் அருகருகே நிற்கும்போது ஒரு நிலையில் இருவரின் முன்கையும் ஓரங்களைக் காக்கும். மறு நிலையில் இருவரின் முன்கையும் நடுப்பகுதியைக் காக்கும். எந்தப் பக்கம் பலவீனம் என்று எதிரணி எளிதில் கணிக்க முடியாது. ஃபூ பின்களத்திலிருந்து எகிறி ஸ்மேஷ் அடிப்பார். அதை எதிரணி எப்படியோ தடுத்து அனுப்பினால், வலையருகே காத்திருக்கும் சாய் யுன் அதை வேகமாகக் கீழே அடித்துப் புள்ளியை முடித்துவிடுவார். இந்த வேலைப் பங்கீடுதான் அந்த ஜோடியின் பலம்.

2005இல் பெய்ஜிங்கில் நடந்த சுதிர்மான் கிண்ணப் போட்டியில் ஃபூவின் ஸ்மேஷ் மணிக்கு 332 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாகப் பதிவானது. பல ஆண்டுகள் அந்த எண் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்பட்டது. பின்னர் மலேசியாவின் தான் பூன் ஹியோங், ஆட்டத்திற்கு வெளியே நடந்த சோதனையில் அதைவிட அதிக வேகத்தில் அடித்துக் காட்டினார்.

நான்கு உலகப் பட்டங்கள்

சாய் யுன் - ஃபூ ஹைஃபெங் ஜோடி 2005இலும் 2009இலும் அகில இங்கிலாந்து பட்டத்தை வென்றது. உலக வெற்றியாளர் போட்டியில் 2006இல் மாட்ரிட், 2009இல் ஹைதராபாத், 2010இல் பாரிஸ், 2011இல் லண்டன் என நான்கு முறை வாகை சூடியது. ஆண்கள் இரட்டையர் பிரிவில் நான்கு உலகப் பட்டங்களை வென்ற முதல் ஜோடி இதுவே. ஹைதராபாத் இறுதியாட்டத்தில் தென் கொரியாவின் ஜுங் ஜே சுங் - லீ யோங் டே ஜோடியை 21-18, 16-21, 28-26 என்ற கணக்கில் போராடி வென்றது.

நாட்டிற்காக ஆடும் தாமஸ் கிண்ணத்தை 2004 முதல் 2012 வரை சீனா தொடர்ந்து ஐந்து முறை கைப்பற்றியது. அந்தக் காலத்தில் சீனாவின் இரட்டையர் ஆட்டத்தைத் தாங்கியது இந்த ஜோடிதான்.

மலேசியருடன் மோதல்கள்

மலேசியாவின் கூ கியென் கியெட் - தான் பூன் ஹியோங் ஜோடியிடம் இவர்கள் தோற்றதும் உண்டு. 2007 அகில இங்கிலாந்து இறுதியாட்டத்தில் மலேசிய ஜோடி இவர்களை நேர் செட்களில் வென்று பட்டத்தைத் தட்டிச் சென்றது.

ஆனால் 2010 பாரிஸ் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் நிலைமை மாறியது. முதல் செட்டை 21-18 என மலேசியர்கள் வென்றும், அடுத்த இரண்டு செட்களைச் சீனர்கள் 21-18, 21-14 எனக் கைப்பற்றினர். 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியிலும் கூ - தான் ஜோடியின் பயணத்தை நிறுத்தியவர்கள் இவர்களே.

பெய்ஜிங் தோல்வியும் லண்டன் வெற்றியும்

2008இல் பெய்ஜிங்கில் சொந்த ரசிகர்கள் முன் நடந்த ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சாய் - ஃபூ ஜோடி முதல் செட்டை 21-12 என எளிதாக வென்றது. பிறகு இந்தோனேசியாவின் மார்க்கிஸ் கிடோ - ஹென்ட்ரா செத்தியவான் ஜோடி 21-11, 21-16 என மீண்டு வந்து தங்கத்தைப் பறித்தது. 1992 முதல் அதுவரை நடந்த ஐந்து ஒலிம்பிக்கிலும் இப்பிரிவின் தங்கம் தென் கொரியாவுக்கோ இந்தோனேசியாவுக்கோதான் சென்றிருந்தது.

நான்கு ஆண்டுகள் காத்திருந்து, லண்டன் வெம்பிளி அரங்கில் டென்மார்க்கின் மத்தியாஸ் போ - கார்ஸ்டன் மொகென்சன் ஜோடியை 21-16, 21-15 என வீழ்த்தி, ஆண்கள் இரட்டையரில் சீனாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை இருவரும் வென்றனர். முந்தைய ஆண்டு உலகப் பட்டம் வென்றதும் அதே அரங்கில்தான். அந்த ஒலிம்பிக்கில் பூப்பந்தின் ஐந்து தங்கங்களும் சீனாவுக்கே போயின.

புதிய துணை, ரியோ இறுதி

வயது ஏறியதால் சாய் யுனின் காலம் முடிவுக்கு வந்தது. ஃபூ விலகவில்லை. 1990இல் பிறந்த ஜாங் நானுடன் சேர்ந்து ஆடத் தொடங்கினார். லண்டனில் கலப்பு இரட்டையர் தங்கம் வென்றிருந்தவர் ஜாங் நான். பழகிய துணையை இழந்த இரட்டையர் ஆட்டக்காரர், யார் எந்தப் பந்தை எடுப்பது என்பதைக்கூட மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். முப்பதைக் கடந்த வயதில் ஃபூ அதைச் செய்தார்.

2016 ரியோவில் மலேசியாவின் கோ வி ஷெம் - தான் வீ கியோங் ஜோடி, காலிறுதியில் தென் கொரியாவின் லீ யோங் டே - யூ யியோன் சியோங்கையும், அரையிறுதியில் சீனாவின் சாய் பியாவ் - ஹோங் வெய்யையும் வென்று இறுதிக்கு வந்தது. 1996 அட்லாண்டாவில் சியா சூன் கிட் - யாப் கிம் ஹோக் வெள்ளி வென்ற பிறகு, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மலேசிய ஆண்கள் இரட்டையர் ஜோடி தங்கத்திற்காக ஆடியது.

ஆகஸ்டு 19ஆம் தேதி நடந்த அந்த ஆட்டத்தில் முதல் செட்டை மலேசியர்கள் 21-16 என வென்றனர். இரண்டாவது செட் 21-11 எனச் சீனர்களுக்குப் போனது. மூன்றாவது செட் 20-20, 21-21 என இழுத்துக்கொண்டே போய், 23-21 என ஃபூ - ஜாங் பக்கம் முடிந்தது. மலேசியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் இரண்டே புள்ளிகளில் கைநழுவியது. மறுநாள் லீ சோங் வெய்யும் இறுதியில் தோற்க, ரியோ பூப்பந்தில் மலேசியாவுக்கு மூன்று வெள்ளி கிடைத்தது.

ஃபூவின் ஸ்மேஷ் வேகத்தைப் பிறகு பலர் மிஞ்சினர். ஆனால் ஒரு துணையோடு உச்சியைத் தொட்டவர், துணை மாறிய பிறகும் அதே உச்சிக்கு மறுபடி வந்து காட்டினார். தன் பலத்தைப் புதிய துணையின் ஆட்டத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் அந்தப் பக்குவம், இரட்டையர் ஆட்டம் பழகும் இளையோர் அவரிடம் கற்க வேண்டிய பாடம்.