ஒளிக்கும் நேரம் பிடிக்கும்

2018-ல் ஆதார் வழக்கு நடந்தபோது, மக்களின் ஆதார் தரவு 13 அடி உயரமும் 5 அடி கனமும் கொண்ட சுவர்களுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாக அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். நாடு முழுக்க அந்தச் சுவர் பேச்சானது. அதைவிடப் பெரிய காவல் ஒன்றை யாரும் பேசவில்லை. அதே தரவு பெங்களூரு ஹெப்பாளிலும் ஹரியானாவின் மானேசரிலுமாக இரண்டு இடங்களில் இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தாலே இடையில் சுமார் 1,700 கிலோமீட்டர். 2002-ம் ஆண்டின் நில அதிர்வு வரைபடத்தில் தில்லி வட்டாரம் நான்காம் மண்டலம், பெங்களூரு இரண்டாம் மண்டலம். ஒரே நிலநடுக்கம் இரண்டையும் சாய்க்க வழியில்லை. பெங்களூரு பத்திரமான ஊர்தானே, இரண்டையும் இங்கேயே வைத்தால் என்ன என்று கேட்பவர்கள், 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையின் அலுவலக வளாகங்களுக்குள் மழைவெள்ளம் புகுந்ததை மறந்துவிடக் கூடாது. தூரம் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைப் பணத்தால் மட்டும் கட்டிவிட முடியாது என்பதைத்தான் தொலைதூரப் பிரதியின் வரலாறு காட்டுகிறது.

தொலைதூரத் தரவுப் போக்குவரத்து பெங்களூருக்குப் பழையது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே தன் வடிவமைப்பு மையத்தைத் திறந்து, தனக்கென ஒரு செயற்கைக்கோள் இணைப்பையும் வைத்துக்கொண்டது. 1990-களில் எஸ்.டி.பி.ஐ. என்ற அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பின் தரைநிலையம் வழியாகச் சிறு மென்பொருள் நிறுவனங்களுக்கும் அந்த வசதி கிடைத்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிற்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். சமிக்ஞை ஏறி இறங்கக் கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. முடித்த வேலையை முழுக் கோப்பாக அனுப்பிய நாட்களில் இது பெரிய இடைஞ்சல் இல்லை. விடிவதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும். பிரதி எடுப்பது அப்படிப்பட்ட வேலை அல்ல. 1994-ல் இஎம்சி நிறுவனம் எஸ்.ஆர்.டி.எஃப். என்ற முறையைக் கொண்டுவந்தது. இங்கே டிஸ்க்கில் எழுதுவது ஒவ்வொன்றும் தொலைவிலுள்ள டிஸ்க்குக்கும் போகும். உடனுக்குடன் பிரதி எடுக்கும் வகையில், அங்கிருந்து ஒப்புதல் வந்த பிறகே எழுதி முடிந்ததாகக் கணக்கு. தரவு துளியும் தொலையாது, ஆனால் ஒவ்வொரு பதிவும் மறுமுனைக்காகக் காத்து நிற்கும்.

எவ்வளவு நேரம்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மானேசருக்குக் கேபிள் நேர்கோட்டிலேயே போவதாக வைத்துக்கொண்டாலும் போய்வர 17 மில்லி நொடி. ஸ்டோரேஜை இணைக்கும் ஃபைபர் சேனல் வலையமைப்பில் வழக்கமான முறையில் எழுத, முதலில் கேட்டு அனுமதி வாங்கி, பிறகு தரவை அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும்: இரண்டு நடை, 34 மில்லி நொடி. ஒன்று முடிந்து அடுத்தது எழுதும் தரவுத்தளம் நொடிக்கு 30 பதிவைக்கூட எட்டாது. இன்னும் வேகமான இணைப்பை வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். தீராது, வேகம் கூடக் கூட இன்னொரு சிக்கல் வளர்கிறது. தரவு ஃப்ரேம் எனும் துண்டுகளாகப் போகும், மறுமுனையின் பஃபரில் காலியிடம் இருக்கும் அளவுக்குத்தான் அவற்றை அனுப்பலாம். அந்த அனுமதியைத் தொழிலில் பஃபர் கிரெடிட் என்பார்கள். 1 ஜிகாபிட் இணைப்பில் ஒரு முழு ஃப்ரேம் இழைக்குள் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும், 2 ஜிகாபிட்டில் 2 கிலோமீட்டர். போய்வரும் தூரம் முழுதையும் நிரப்பி வைக்க, 2 ஜிகாபிட்டில் கிலோமீட்டருக்கு ஒரு கிரெடிட் வேண்டும், மானேசருக்கு 1,700. வேகம் இரட்டித்தால் தேவையும் இரட்டிக்கும். கிரெடிட் பற்றாத இணைப்பு, காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பயன்படுத்தாமல் அடுத்த அனுமதிக்காகச் சும்மா நிற்கும்.

ஆகவே நெடுந்தூரப் பிரதி அசலுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். ஆதாருக்கு அது ஒத்துப்போகிறது என்பது என் கருத்து. புதிதாக ஒருவரைச் சேர்க்கும் பதிவுப் பொதி ஏறத்தாழ 5 எம்பி. நாளொன்றுக்கு 10 லட்சம் பதிவு என்றால் 5 டெராபைட், அதாவது இரவு பகலாக நொடிக்குச் சுமார் 460 மெகாபிட். இணைப்பு பெரிதாக வேண்டும், உடனடி ஒப்புதல் வேண்டியதில்லை. சரிபார்ப்பு என்பது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளதைப் படித்து ஆம், இல்லை சொல்வது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தவறுதலாக அழித்த பதிவும் அதே இழை வழியாகப் போய் அங்கேயும் அழியும். பிரதி இருக்கிறதென்று பேக்கப்பை விட முடியாது.

பங்குச் சந்தைக்கு அந்தத் தளர்வு கிடையாது. ஒரு ஆர்டர் தொலைந்தால் யாரோ ஒருவரின் பணம் தொலைகிறது. அதனால் 2019-ல் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி மூன்று இடங்களைக் கேட்டது: முதன்மை மையம், தரவு இழப்பே நேராதிருக்க ஒரு பக்கத்து மையம், வேறு நில அதிர்வு மண்டலத்தில், அது இயலாவிட்டால் குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளி, ஒரு பேரிடர் மீட்பு (டி.ஆர்.) மையம். பக்கத்து மையம் மட்டும் போதாதா என்ற கேள்விக்கு 2021 பிப்ரவரி 24-ல் மும்பை பதில் சொன்னது. சாலை தோண்டும் வேலைகளால் மையங்களுக்கு இடையிலான இணைப்புகள் தடுமாறின, ஸ்டோரேஜ் வலையமைப்பு சர்வர்களுக்கு எட்டாமல் போனது என்று தேசியப் பங்குச் சந்தையே பின்னர் விளக்கியது. பிரதி போகும் பாதையும் ஸ்டோரேஜின் ஓர் உறுப்புதான். அது முறிந்தால் அசலையும் சேர்த்து இழுக்காதபடி வடிவமைப்பதே இத்தொழிலின் கடினமான பகுதி. காலை 11.40-க்கு நின்ற வணிகம் மாலை 3.45-க்குத் திரும்பியது, டி.ஆர். மையத்துக்கு மாறாமலே. அடுத்த மாதம் செபி விதியை இறுக்கியது: முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள், டி.ஆர். மையத்திலிருந்தாவது, மீண்டும் இயங்க வேண்டும். தரவு கடக்க மில்லி நொடிகளே ஆகும் தூரத்தை, முடிவெடுக்கும் மனிதர்கள் கடக்க அந்த அரை மணி நேரம்.