பழைய மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்: புதுச்சேரி, தமிழ்நாட்டு வரலாறு

பழைய மடிக்கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவுவது இன்று பெரும்பாலும் பாதுகாப்பு தொடர்பான செயலாகக் கருதப்படுகிறது. தமிழ்ப் பயனர்களுக்கு அது முதலில் எழுத்துச் சிக்கலாக இருந்தது. திரையில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால் இயங்குதளத்தை மாற்றியாக வேண்டும் என்ற நிலை 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நிலவியது. அரசுகள் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கிய பிறகு இதே மாற்றம் குடும்பங்களின் பொறுப்பாயிற்று. ஒரு கருவியைப் 'பழையது' என்று தீர்மானிப்பது அதன் தேய்மானமா, இயங்குதள நிறுவனம் வகுக்கும் எல்லையா என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதும் தொடர்கிறது.

எழுத்துக்காக

1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறியாக்கத்தைக் கொண்டிருந்தன. ஒரு கணினியில் தட்டச்சு செய்த கோப்பு, அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. திஸ்கி, தாம், தாப் ஆகிய குறியாக்கங்கள் இக்குழப்பத்தைக் குறைக்க முயன்றன. தாமும் தாபும் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்தவை. நிலையான தீர்வாக அமைந்தது ஒருங்குறி.

மைக்ரோசாப்ட் இயங்குதளங்களில் ஒருங்குறித் தமிழ், லதா எழுத்துருவுடன் விண்டோஸ் 2000இல் இடம்பெற்றது. வீட்டுக் கணினிகளுக்கு அதைப் பரவலாகக் கொண்டுவந்தது 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி. விண்டோஸ் 98க்கு 16 மெகாபைட் நினைவகம் போதும். எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 மெகாபைட் தேவை. 128 மெகாபைட் பரிந்துரைக்கப்பட்டது. எனவே பழைய கணினிக்கு முதலில் நினைவகம் கூட்ட வேண்டியிருந்தது.

எக்ஸ்பியை நிறுவிய பிறகும் வேலை முடியவில்லை. சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான ஆதரவைக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது கணினி எக்ஸ்பியின் மூலக் குறுந்தகட்டைக் கேட்கும். தகடு கைவசம் இல்லாதவர்களின் திரையில் கொம்பும் காலும் தமக்குரிய எழுத்தை விட்டு விலகி நின்றன. தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் புதிய வாசகர்களுக்கான உதவிக் குறிப்புகளில் இந்த ஒரு படி தவறாமல் இடம்பெற்றது. விஸ்டாவில் இருந்து இந்த ஆதரவு இயல்பாகவே அமைந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை முறையாக ஏற்றது.

புதுச்சேரியில் இம்மாற்றத்தின் மறுபக்கத்தைக் காணலாம். செயின்ட் லூயி தெருவில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனமும், துய்மா தெருவில் உள்ள தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் ஓலைச்சுவடிகளுக்குப் பெயர் பெற்றவை. இவை பாதுகாக்கும் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தது. தேவாரத்தை வி. மா. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு தரும் 'டிஜிட்டல் தேவாரம்' என்னும் குறுந்தகட்டை இவ்விரு நிறுவனங்களும் 2007இல் வெளியிட்டன. சில ஆண்டுகளிலேயே புதிய மடிக்கணினிகளில் குறுந்தகட்டுச் செருகுவாய் மறையத் தொடங்கியது. நூற்றாண்டுகள் தாங்கிய ஓலையைப் படிக்க வெளிச்சம் போதும். தகட்டைப் படிக்க அதற்கேற்ற இயந்திரமும் வேண்டும். டிஜிட்டல் தேவாரம் பின்னர் இணையத்திலும் வைக்கப்பட்டதால் அது புழக்கத்தில் உள்ளது. பழைய கணினியை மாற்றுவோர் அதிலுள்ள கோப்புகளையும் தகடுகளையும் முதலில் பார்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

அரசு தந்த மடிக்கணினி

2007ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், அப்போதைய மேலாண் இயக்குநர் சி. உமாசங்கரின் முயற்சியால் சூசே லினக்சுக்கு மாறியது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' லினக்சை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இவ்விரண்டின் தாக்கத்தையும் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாட்டு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் காண முடிகிறது. முதல் கட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்சும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. புதுச்சேரி அரசும் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது.

ஸ்டார்ட்டர் பதிப்பு விலை குறைந்த கணினிகளுக்கென உருவானது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட அதில் மாற்ற முடியாது. அதைவிட முக்கியமான கட்டுப்பாடு நினைவகத்தில் இருந்தது. ஸ்டார்ட்டர் 32-பிட் வடிவில் மட்டுமே வந்தது. 2 ஜிகாபைட்டுக்கு மேல் உள்ள நினைவகத்தைப் பயன்படுத்தாது. கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்தினாலும் இயங்குதளத்தை மாற்றும்வரை அந்தப் பணத்துக்குப் பயனில்லை. அக்காலப் பென்டியம் செயலிகளோ 64-பிட் திறன் உடையவை. வன்பொருளில் இருந்த திறனை மென்பொருளின் உரிமம் பூட்டி வைத்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10 ஓராண்டுக்கு இலவச மேம்படுத்தலாக வழங்கப்பட்டது. ஸ்டார்ட்டர் வைத்திருந்தோர்க்கு ஹோம் பதிப்பு கிடைத்தது. அதன் குறைந்தபட்சத் தேவை விண்டோஸ் 7ஐப் போலவே 1 ஜிகாபைட் நினைவகம்தான். ஆனால் 32-பிட்டிலிருந்து நேரடியாக 64-பிட்டுக்கு மேம்படுத்த வழியில்லை. புதிதாக நிறுவ வேண்டும். அதற்குமுன் பாடக் குறிப்புகள், படங்கள், சான்றிதழ் நகல்கள் அனைத்தையும் வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். வீட்டில் ஒரே கணினி உள்ள மாணவருக்கு இது எளிதன்று. நிறுவியவர்களில் பலர் கணினி மெதுவாகிவிட்டதாக உணர்ந்தனர். சுழலும் வன்தட்டு இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே 2.5 அங்குல இடத்தில் திண்ம நிலை வட்டைப் பொருத்தினால், செயலியை மாற்றாமலே தொடக்க நேரம் வெகுவாகக் குறையும்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று நின்றது. சில மாதங்களில் கோவிட் ஊரடங்கும் இணையவழி வகுப்புகளும் வந்தன.

புதிய எல்லை

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, முந்தைய பதிப்புகளைப் போல நினைவகத்தையும் வட்டு இடத்தையும் மட்டும் கேட்கவில்லை. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, பாதுகாப்பான தொடக்க வசதி, இன்டெல் எனில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலி ஆகியவை கட்டாயமாயின. எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017இல். ஆகவே 2016இல் வாங்கி நன்றாக இயங்கும் மடிக்கணினியும் தகுதி இழந்தது. நினைவகத்தைக் கூட்டலாம், வட்டை மாற்றலாம். மடிக்கணினியின் செயலியை வீட்டில் மாற்றுவது பெரும்பாலும் இயலாது. சோதனையைத் தவிர்த்து நிறுவும் வழிகள் உள்ளன. அவ்வாறு நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் உறுதியில்லை என்று மைக்ரோசாப்ட் எச்சரிக்கிறது.

எஞ்சும் வழி லினக்ஸ். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், அருகில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் மாணவர்களிடையே இதைப் பரப்பி வருகின்றன. லினக்சுக்கும் எல்லைகள் உண்டு. உபுண்டு தன் 32-பிட் மேசைக்கணினிப் பதிப்பை 2017இல் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ 32-பிட் இன்டெல் கணினியில் புதிதாக நிறுவ இயலாது. ஆயினும் 64-பிட் செயலி கொண்ட 2011ஆம் ஆண்டு மடிக்கணினி இன்றைய டெபியனுக்குத் தகுதியானதே.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அது விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்புக்கு மட்டுமே உரியது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரிலேயே நின்றுவிட்ட மடிக்கணினிகளுக்கு அது பொருந்தாது.