தபால்காரர் வண்டியும் நெட்டைக் காலும்

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் கொண்டுவருவதை அரசு தடைசெய்தது. செய்தி தேடி அலைய அப்போது என்னிடம் இருந்தது ஒரு பழைய ஹொண்டா எம்.டி. 90. யப்பானியத் தபால்காரர்களுக்கென 1970களில் உருவான வண்டி அது. 14 அங்குலச் சில்லு, தாழ்ந்த இருக்கை. வீட்டுக்கு வீடு இறங்கி ஏறுபவருக்கு அதுவே வசதி. ஆறடியைத் தாண்டிய எனக்கோ முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும். பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பினால் இரவில் காலை நீட்டவே முடியாது.

கொக்குவிலில் ஒரு கராச்காரர் இருக்கையின் அடியில் இரும்புத் தகடுகள் பொருத்தி இரண்டு அங்குலம் உயர்த்தித் தந்தார். முழங்கால் தப்பியது. ஆனால் உடல் முன்சரிந்து, பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கியது. இருக்கை, மிதி, கைபிடி மூன்றில் ஒன்றை அசைத்தால் மற்றையவற்றையும் அசைக்கவேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஹாண்டிலையும் உயர்த்திய பின்னரே முதுகு நிமிர்ந்தது. கூலியாக அவர் பணம் வாங்கவில்லை. அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கேட்டார். அக்காலத்தில் எஞ்சின்கள் குடித்ததும் அதைத்தானே! கார்புரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்தால், பிறகு மண்ணெண்ணெயில் புகைந்தபடி ஓடும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. மழை வேறு. அயல்வீட்டு ஆச்சியை வண்டியில் ஏற்ற முனைந்தேன். எனக்காக உயர்த்திய இருக்கை அவருக்கு எட்டவில்லை. பின் கரியரில் சாக்கை மடித்துப் போட்டு அவரை அமர்த்தி, கைதடி வரை உருட்டிக்கொண்டே நடந்தேன்.