எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் கால்சியம், வைட்டமின் மாத்திரைத் தேர்வு: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள், 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு தரும் இவ்விரு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பருத்த உடலுக்குள்ளும் சத்துக்குறை உண்டு. எடைக்குறைப்பு அறுவைக்குச் செல்வோரில் பலர் அந்தக் குறையோடுதான் செல்கிறார்கள். அறுவை அதை மேலும் ஆழப்படுத்தக்கூடும்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமி. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். இங்குள்ளவர்களுக்கு அறுவை மதுரையிலோ கோவையிலோ சென்னையிலோ நடக்கிறது. அதன் பிறகு ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைகளை வாங்குவது ஊர் மெடிக்கலில். அங்கே விலையும் விளம்பரமும் தேர்வைத் தீர்மானித்துவிடுகின்றன. மாற்றியமைக்கப்பட்ட குடல் எதை உறிஞ்சும், இந்த மண்ணின் வெயிலும் உணவும் எதைக் கேட்கும், குடும்பத்தால் எதைத் தொடர்ந்து வாங்க முடியும் என்ற மூன்றுமே தேர்வின் அளவுகோல்களாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், இவ்வட்டாரத்துக்குக் கால்சியம் கார்பனேட்டைவிடக் கால்சியம் சிட்ரேட்டே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குடல் மாறினால் மாத்திரையும் மாற வேண்டும்

ஸ்லீவ் என்னும் எடைக்குறைப்பு அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு வெட்டி எடுக்கப்படுகிறது. இரைப்பை பைபாஸ் என்னும் மற்றொரு வகையில் சிறிய இரைப்பைப் பை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடல் உணவின் பாதையிலிருந்து விலகிவிடுகிறது. இரண்டிலும் இரைப்பை அமிலம் குறையும். போதாததற்குப் பலர் மாதக்கணக்கில் ‘கேஸ் மாத்திரை’ போடுகிறார்கள். அது மிஞ்சியிருக்கும் அமிலத்தையும் அடக்கிவிடும். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், உணவோடு சேர்த்தால்தான் பயன். சிட்ரேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் சிட்ரேட்டே நன்றாக உறிஞ்சப்படுகிறது என்று டல்லாஸ் ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர். அது சிறிய ஆய்வு. எனினும் உடலியங்கியல் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

அட்டையில் படிக்க வேண்டியது

கார்பனேட்டில் 40 விழுக்காடும் சிட்ரேட்டில் 21 விழுக்காடும்தான் தனிமக் கால்சியம். அட்டையில் கார்பனேட் 1250 மி.கி. என்றிருந்தால் அதிலுள்ள தனிமக் கால்சியம் 500 மி.கி.; சிட்ரேட் 1000 மி.கி. என்றால் 210 மி.கி. மட்டுமே. ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் அமெரிக்க உடற்பருமன் அறுவை மருத்துவர் சங்கம் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மி.கி. தனிமக் கால்சியம். இதில் உணவிலிருந்து கிடைப்பதும் அடங்கும். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் விழுங்கினால் உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது. ஆகவே மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். சிட்ரேட்டில் மாத்திரை எண்ணிக்கை கூடும், செலவும் கூடும். கார்பனேட்டுக்கு ஆதரவான வலுவான வாதம் இதுதான். அதை ஒதுக்கிவிட முடியாது. சிட்ரேட் வாங்க வழியே இல்லாதவர் கார்பனேட்டை உணவோடு தவறாமல் எடுத்துக்கொள்ளட்டும். எதுவும் எடுக்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கல்லடைப்பு அச்சம்

இந்த வட்டாரத்தில் கால்சியம் மாத்திரை பாதியில் நிற்பதற்கு விலையோடு இன்னொரு காரணமும் உண்டு: சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தில் கல்லாகிவிடும் என்ற அச்சம். கோடை வெயிலில் வியர்த்து உழைக்கும் ஊரில் கல்லடைப்பு தெரியாத தெரு இல்லை, அச்சம் இயல்பானதே. ஆனால் பைபாஸுக்குப் பின் நடப்பது வேறு. செரிக்காத கொழுப்பு குடலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கட்டிப்போட ஆளில்லாததால் உணவிலுள்ள ஆக்சலேட் என்னும் உப்பு இரத்தத்தில் ஏறி, சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. உணவோடு சேரும் கால்சியமோ ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். சிட்ரேட் சிறுநீரில் சேர்ந்து கல் படிவதையும் தடுக்கும். ஆகவே உணவு இல்லாமலும் எடுக்கக்கூடிய சிட்ரேட்டை இங்கே உணவோடு எடுப்பதே நல்லது. கல் சேராதிருக்கத் தண்ணீரும் வேண்டும்; ஆனால் சுருங்கிய இரைப்பையில் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க முடியாது. நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். வறண்ட நிலத்தில் சிட்ரேட்டை முன்வைப்பதற்குக் கல் படிவதைத் தடுக்கும் அதன் தன்மையே முதன்மைக் காரணம்.

வெயிலும் தானியமும் போதுமா?

கேழ்வரகும் முருங்கைக்கீரையும் 100 கிராமுக்கு 300 மி.கி.க்கு மேல் கால்சியம் தருபவை. ஆனால் கைப்பிடி அளவே கொள்ளும் இரைப்பைக்கு அவை போதா. தானியத்திலுள்ள ஃபைட்டேட்டும் உறிஞ்சுதலைக் குறைக்கும். திருப்பதியில் ஹரிநாராயணும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல வெயில் உள்ள தென்னிந்தியாவில் நலமாக இருந்தவர்களிடமே குறைந்த கால்சிய உணவு, மிகுந்த ஃபைட்டேட், வைட்டமின் டி குறைபாடு மூன்றையும் கண்டது. திருச்சுழிக் காட்டில் வேலை செய்பவருக்குக் கிடைக்கும் வெயில், அருப்புக்கோட்டையில் தறிக்கூடத்திலும் நூற்பாலையிலும் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. பருமனான உடலில் வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடுவதும் உண்டு. எனவேதான் இரத்த அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமைத் தாண்டும்வரை நாளுக்கு 3000 யூனிட் டி3 பரிந்துரைக்கப்படுகிறது. வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட் குறையைச் சரிசெய்வதற்கு. மருத்துவர் சொல்லாமல் அதை நீட்டிக்கக் கூடாது. இரத்தக் கால்சியம் சரியாக இருப்பதை மட்டும் நம்பவும் கூடாது. உணவில் வராத கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளும். பாராதைராய்டு ஹார்மோனைச் சோதித்தால்தான் அது வெளிப்படும்.

இரும்பு, பி12, தயமின்

ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் உள்ள பெண்களுக்கு, நாளுக்கு 45 முதல் 60 மி.கி. இரும்பு தேவை. ஆரம்ப சுகாதார நிலையம் தரும் இரும்பு மாத்திரை இதற்கு உதவும். ஆனால் கால்சியத்திலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுக்க வேண்டும், டீயோடு கூடாது. பி12 உறிஞ்சத் துணைபுரியும் புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. அது இல்லாதபோது வாய்வழி தருவதில் நூற்றில் ஒரு பங்கே தானாக உள்ளே போகும். அதனால்தான் தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு இக்குறை இன்னும் எளிதில் வரும்.

தயமினின் இருப்பு உடலில் இரண்டு மூன்று வாரமே தாங்கும். அறுவைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவர் சோர்ந்து வந்தால் ஊர்க் கிளினிக்கில் முதலில் நடப்பது குளுக்கோஸ் ஏற்றுவது. தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் மூளைக்குக் கேடு விளைவிக்கலாம். நினைவிழப்பும் நடைத்தள்ளாட்டமும் நிலைத்துவிடக்கூடும். தயமினை முதலில் செலுத்த வேண்டும் அல்லது குளுக்கோஸோடு சேர்த்தே தர வேண்டும். இந்த ஒரு செய்தி வட்டாரத்தின் ஒவ்வொரு மருத்துவருக்கும் செவிலியருக்கும் எட்ட வேண்டும்.

முடிவுரை

சந்தையில் விற்கும் மிட்டாய் வடிவ வைட்டமின்கள் பெரும்பாலும் இரும்பும் தயமினும் போதாதவை. அவற்றை நம்ப முடியாது. சிட்ரேட் வகைக் கால்சியம், டி3, இரும்பு, பி12, தயமின், துத்தநாகமும் தாமிரமும் உள்ள முழுமையான மல்டிவைட்டமின் ஆகியவையே தேவை. அவற்றின் அளவை, அறுவைக்குப் பின் 3, 6, 12ஆம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் செய்யும் இரத்தச் சோதனைதான் தீர்மானிக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு மலிவு விலை மருந்துக் கடைகளான 1000 முதல்வர் மருந்தகங்களைத் தொடங்கியது. கால்சியம் சிட்ரேட்டும் தயமினும் பி12உம் அவற்றில் எப்போதும் மலிவாகக் கிடைக்க வேண்டும். அறுவை செய்யும் மருத்துவமனை, தனிமக் கால்சிய அளவையும் எடுக்க வேண்டிய நேரத்தையும் தமிழில் எழுதிய அட்டையோடுதான் நோயாளியை ஊருக்கு அனுப்ப வேண்டும். ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரைக்கு வழி செய்யாமல் அறுவையை மட்டும் செய்துவிடுவது பாதி மருத்துவமே.