பெற்றவரும் வளர்ப்பவரும்: விலங்கோடு நமக்குள்ள உறவுக்கு என்ன பெயர்?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலை இருக்கிறது. மலைமேல் முக்தியாலீஸ்வரர் கோயில். பாறைச் சரிவில், பழங்காலக் கீறல் ஓவியங்கள் கொண்ட ஒரு குகை. சீதை குகை என்பது ஊரார் வைத்த பெயர். வால்மீகியின் அடைக்கலத்தில் சீதை இங்கே தங்கிப் பிள்ளை பெற்றாள் என்பது வாய்வழிக் கதை. பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவர் இன்னொருவர்: இந்த வேறுபாட்டை அந்தக் கதை சிறிதும் குழப்புவதில்லை. இக்கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

மலையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். ஈன்று சில நாளே ஆன வெள்ளாட்டுக் குட்டியொன்று அவர் மடியில் கிடந்தது. தாயிடம் பால் போதவில்லை. ரப்பர் மாட்டிய புட்டியைக் குட்டியின் வாயில் வைத்து, "குடிடா தங்கம், குடிடா ராசா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "நீங்கதான் இதுக்கு அம்மா போல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முள்வேலி ஓரம் நின்ற ஆட்டைக் கைகாட்டி, "அதோட அம்மா அதோ நிக்குது பாருங்க. நான் வளக்குறேன், அவ்ளோதான்" என்றார்.

சென்னையிலும் புதுச்சேரியிலும் நாய், பூனை வளர்ப்போர் நடுவே 'பெட் பேரன்ட்' என்ற சொல் இன்று சாதாரணம். தனியார் மருத்துவமனைச் சீட்டுகளிலும் உணவுப் பொட்டல விளம்பரங்களிலும் அது ஏறிவிட்டது. அதைத் தமிழாக்கி 'செல்லப்பிராணியின் பெற்றோர்' என்று எழுதுவோரும் உண்டு. அன்பிலிருந்து பிறந்த சொல் அது. 'ஓனர்' என்ற சொல் ஓர் உயிரை நாற்காலி, மேசை வரிசையில் வைத்துவிடுகிறது என்ற வருத்தமும் அதற்குள் இருக்கிறது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் 'பெற்றோர்' என்ற சொல்லைத் தமிழ் ஏற்கக் கூடாது என்பதே என் வாதம். விலங்குக்கு அவ்வளவு மதிப்பு எதற்கு என்று கேட்பவர்களின் பக்கம் நின்று இதைச் சொல்லவில்லை. விலங்குக்கு உரிய மதிப்பை அந்தச் சொல் தரவில்லை என்பதால் சொல்கிறேன்.

முதலில் விளியையும் பெயரையும் பிரித்துக்கொள்வோம். தமிழர் உறவுமுறை சொல்லி அழைக்காத ஆளே இல்லை. பேருந்து நடத்துநர் அண்ணன், கீரை விற்பவர் அம்மா, முன்பின் தெரியாத முதியவர் தாத்தா. இதனால் யாரும் சொத்தில் பங்கு கேட்பதில்லை. வீட்டு நாயிடம் "அப்பாகிட்ட வாடா" என்பதும் இதே வழக்கின் நீட்சிதான். அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையில்லாத வீட்டிலோ, பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீட்டிலோ ஒரு முதியவர் தம் நாயை மகன் என்றே அழைத்தால், அதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டியவர் யாருமில்லை. ஆனால் 'பெற்றோர்' என்பது விளி அன்று. யாரும் யாரையும் வீட்டுக்குள் 'பெற்றோரே' என்று கூப்பிடுவதில்லை. அது பள்ளிப் பதிவேட்டிலும் நீதிமன்றத்திலும் நிற்கும் நிலைப்பெயர். பெறுதல் என்ற வினையைத் தன் உடம்பிலேயே தாங்கிய பெயர். வீட்டில் கொஞ்சும்போது சொல்லும் சொல் வேறு, ஊரறியப் பதியும் பெயர் வேறு.

இந்தப் பகுப்பில் தமிழ் இலக்கணம் எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்குத் தொல்காப்பிய மரபியல் சான்று. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களோடு அவ்வியல் தொடங்குகிறது. மக்களுக்கு உரியவை குழவியும் மகவும் மட்டுமே. இன்று நாம் மனிதக் குழந்தைக்குத் தாராளமாக வழங்கும் 'பிள்ளை' அன்று மக்கட்பெயரே அன்று; பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் ஓரறிவுயிரான மரஞ்செடிக்கும் உரியது. தென்னம்பிள்ளையும் கிளிப்பிள்ளையும் அந்தப் பழைய வழக்கின் எச்சங்கள். குழவி என்பதோ யானைக்கும் ஆவுக்கும் எருமைக்கும் மனிதருக்கும் பொது. இன்னும் வியப்பு: பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் இளமைக்குப் 'பிள்ளை' என்ற பெயரும் பிழையில்லை என்று ஒப்பும் நூற்பா, நாயை மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது. நாய்க்குக் குருளை உண்டு, குட்டி உண்டு, பறழ் உண்டு, பிள்ளை இல்லை.

இதை வைத்து நாயைப் பிள்ளை எனக் கூடாது என்று இன்று தீர்ப்பெழுதுவது அபத்தம். மனிதக் குழந்தையே விலங்குகளிடமிருந்து கடன் வாங்கிய பெயரில் வாழ்கிறது, சொற்கள் இடம்பெயரும். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறொன்று. குட்டியின் பெயரில் தமிழ் மனிதரையும் விலங்கையும் தாராளமாகக் கலந்தது. ஈன்றவரின் பெயரை மட்டும் ஈன்றவருக்கே விட்டுவைத்தது.

ஈன்றவள் என்றதும் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே சொல்லும் மனுநீதிச் சோழன் கதை நினைவுக்கு வரும். இளவரசன் தேர்க்காலில் கன்று சாகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. அரசன் தன் ஒரே மகன்மேல் தேரைச் செலுத்துகிறான். இக்கதையை விலங்கிரக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சொல்லி, அதன் நடுமுடிச்சைத் தவறவிட்டோம் என்று நினைக்கிறேன். நாட்டு உயிர்களுக்கெல்லாம் நானே தந்தை என்று சொல்லி மன்னன் அந்தக் கன்றைத் தன் பிள்ளை ஆக்கிக்கொள்ளவில்லை. கன்றுக்குத் தாய் ஒருத்தி வாசலில் நின்றாள். அவள் துயரும் தன் துயரும் ஒரே எடை என்று ஒப்பினான். 'பெற்றோர்' என்ற இடத்தில் பசு நின்றது. அதனால்தான் அங்கே நீதி கேட்க முடிந்தது.

'பெட் பேரன்ட்' என்ற சொல் அழிப்பது இந்தத் தாயைத்தான். கடையில் வாங்கிய ஒவ்வொரு நாய்க்குட்டிக்கும் பின்னால் எங்கோ ஒரு கூண்டில் பால் கட்டிய பெட்டை நாய் ஒன்று இருக்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. அந்தப் பெட்டை எத்தனை ஈற்று ஈன்றது, எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்று வாங்குபவர் கேட்டாக வேண்டும். 'நானே இதன் அம்மா' என்று பெயர் சூட்டிக்கொண்டவருக்கு அந்தக் கேள்வி எழ வழியில்லை, இடம் நிரம்பிவிட்டது.

நாய்க்கு மதிப்பளிக்க அதைக் குழந்தையாக்க வேண்டும் என்பதும் தமிழ் நிலத்தின் பாடமன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உண்டு. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எழுப்பியது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு தனியாகவே பதிகிறது. பெருமுக்கல் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே அரசலாபுரத்தில், முகையூர் மேற்சேரிக் கோழிக்கு எழுப்பிய நடுகல் இருக்கிறது. எழுத்தமைதி கொண்டு ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு என்பர். கோவிவன் யாருடைய மகனுமல்ல. தன் பெயரால், தன் செயலால் கல்லில் நின்றவன். பிள்ளையாக்கப்பட்ட விலங்கு ஒருநாளும் வளராத பிள்ளை. கோவிவனோ வளர்ந்த துணைவன்.

இனி சட்டம். இந்திய நீதிமன்றங்கள் இந்தப் பெற்றோர்ப் பெயரை ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டன. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், வாயில்லா உயிர்களுக்கு அரசும் நீதிமன்றமும் பெற்றோர் இடத்தில் நின்று காக்கும் கடமை உண்டு என்றது. குதிரை வண்டிகள் பற்றிய வழக்கொன்றில் 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், விலங்குகள் அனைத்தையும் சட்டப்படியான ஆட்கள் என்று அறிவித்து, மாநிலக் குடிமக்கள் எல்லோரையும் அவற்றின் பெற்றோர் இடத்தில் வைத்தது. மாடுகளை ஏற்றிச்சென்ற வழக்கில் 2019இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றமும் அதையே செய்தது. நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் எல்லோரும் பெற்றோர் என்றால் தண்ணீர் வைக்காதவர் யார் என்று விரல் நீட்ட ஓர் ஆள் இல்லை. ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தத்தை 2023 மே 18 அன்று ஏற்ற அரசியல் சாசன அமர்வு, விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டென்று சொல்லும் முன்தீர்ப்பு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது.

பொறுப்புக் கேட்கும் நேரத்தில் சட்டம் தேடுவது வேறு ஆளை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. காவல்துறை பிடித்தது நாய்களின் உரிமையாளரை. அங்கே 'பெற்றோர்' என்ற பெயரை உண்மையாகவே சுமந்தவர்கள் அச்சிறுமியின் தாயும் தந்தையும்.

அப்படியானால் 'உரிமையாளர்' என்றே இருந்துவிடலாமா? அதிலும் எனக்கு மனமில்லை. அந்தச் சொல்லின் கொடுமையைச் சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளே காட்டும். நந்தாவிளக்குக்கு நெய் அளக்க 90, 96 என ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்தபோது அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் காக்க வேண்டும். ஏட்டில் ஆடு சாவதுமில்லை, மூப்பதுமில்லை. உடைமை என்ற கண்ணுக்கு உயிர் வெறும் முதலாகத் தெரியும் விதம் இது. அமெரிக்காவின் போல்டர் நகரம் 2000ஆம் ஆண்டில் தன் விதிகளில் 'உடையவர்' என்பதை மாற்றிக் 'காப்பாளர்' என்று எழுதியது. அந்த நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கம், உடையவர் என்ற சொல்லில்தான் சட்டக் கடமை தெளிவாக நிற்கிறது என்று மறுத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

அவர்களுக்கு வாய்க்காத ஒரு சொல் நமக்கு வாய்த்திருக்கிறது. பிள்ளை வளர்க்கிறோம், ஆடு வளர்க்கிறோம், மரம் வளர்க்கிறோம்: மூன்றுக்கும் ஒரே வினை. 'வளர்ப்பவர்' என்பதில் உடைமைத் திமிரும் இல்லை, பெற்ற உரிமை கோரலும் இல்லை. நாள்தோறும் செய்யும் வேலை இருக்கிறது. மலையடி அம்மாள் அந்தக் கிடாவைத் தீபாவளிக்கு விற்றுவிடுவார். பெற்றோர் என்ற அளவுகோலை வைத்தால் அவர் கொடியவர் ஆகிவிடுவார். புட்டிப்பால் கொடுத்த கை பொய்யாகிவிடும். விலை கொடுத்து நாய் வாங்கி, ஒருநாளும் அதை விற்கத் தேவைப்படாதவருக்கே பொருந்தும் சொல்லை, ஆடுமாட்டை நம்பி வாழும் மாவட்டத்துக்குப் பொதுச்சொல்லாக்குவது அநியாயம். வளர்ப்பவர் என்றால் இருவரும் ஒரே வரிசையில் நிற்பர். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்.

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. அதன் 3ஆம் பிரிவு கடமையைச் சுமத்துவது, விலங்கைத் தன் பராமரிப்பிலோ பொறுப்பிலோ வைத்திருக்கும் ஒவ்வொருவர் மேலும். உரிமைப் பத்திரத்தை அது கேட்பதில்லை. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவோ முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். விலங்கின் மேல் உண்மையான அக்கறை கொண்டவர்கள் பெயர்ச்சூட்டலில் செலவிடும் ஆற்றலை இந்த ஐம்பது ரூபாயை மாற்றுவதில் செலவிட வேண்டும்.

கால்நடை மருந்தகப் பதிவேட்டில், மாட்டுக் காதுவில்லையின் 12 இலக்க எண்ணுக்கு எதிரே எழுத வேண்டிய பெயர் 'வளர்ப்பவர்' என்ற தலைப்பின்கீழ் வரட்டும். நகரத்து நாய் உரிமச் சீட்டிலும் அதே தலைப்பு இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கால்நடைப் பராமரிப்புத் துறையும் உள்ளாட்சிகளும் இதைச் செய்ய வேண்டும். நாளிதழ்களும் இன்றே 'வளர்ப்பவர்' என்று எழுதத் தொடங்கலாம்.