அலியை வீழ்த்திய கணினி



போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, முகமது அலியும் மைக் டைசனும் மோதினா யார் ஜெயிப்பாங்க?" அலி முதன்முதலில் உலகப் பட்டம் வென்றது 1964-இல். டைசன் வென்றது 1986-இல். ஒருவர் உச்சத்தில் இருந்தபோது மற்றவர் அங்கே இல்லை. அதைச் சொன்னேன். "சும்மா சொல்லுங்க தாத்தா" என்றான்.

இந்தச் "சும்மா" கேள்வியை 1967-இல் அமெரிக்காவில் முர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் கணினியிடமே கேட்டார். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு பீரியட் முழுக்க என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்கள் 16 பேரை வொரோனர் தேர்ந்தெடுத்தார். யாருக்கு எவ்வளவு வேகம், யார் குத்தில் எவ்வளவு பலம், யார் எவ்வளவு அடி தாங்குவார் என்று நிபுணர்களிடம் கேட்டு, அதையெல்லாம் எண்ணாக்கிக் கணினிக்குள் போட்டார். வந்த முடிவுகளை நேரடி வர்ணனை போலவே வானொலியில் ஒலிபரப்பினார். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை ராக்கி மார்சியானோ வென்றார். அலி காலிறுதியிலேயே வெளியேறினார். அவரை வீழ்த்தியதாகக் கணினி சொன்ன ஆள், ஜிம் ஜெஃப்ரிஸ்.

இந்தப் பெயர்தான் அலிக்கு வலித்திருக்கும். ஏன் என்று பாருங்கள்.

ஜெஃப்ரிஸ் 1899 முதல் சாம்பியன். பட்டம் கையில் இருந்தவரை எந்தக் கறுப்பினப் போட்டியாளரோடும் அதற்காக மோத அவர் சம்மதிக்கவில்லை. தோல்வியே காணாமல் ஓய்வும் பெற்றுவிட்டார். 1908-இல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனபோது, வெள்ளையர் மானத்தைக் காப்பாற்ற வா என்று ஜெஃப்ரிஸை மறுபடி அழைத்து வந்தார்கள். அவரும் ஏறியிருந்த எடையில் ஏறக்குறைய நூறு பவுண்டைக் குறைத்துக்கொண்டு வந்தார். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். 15-ஆவது சுற்றில் ஜான்சன் வென்றார். அன்றிரவு அமெரிக்காவின் பல நகரங்களில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தான் உச்சத்தில் இருந்த நாளில் மோதியிருந்தாலும் ஜான்சனை வென்றிருக்க முடியாது என்று ஜெஃப்ரிஸே பின்னர் ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவரிடம் அலி தோற்றார் என்கிறது இயந்திரம். அதுவும் எப்போது? வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-இல் பட்டத்தையும் உரிமத்தையும் பறித்து, ரிங் ஏறவிடாமல் உட்கார வைத்திருந்த நேரத்தில்! அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமரசம் ஆனது: அலியும் மார்சியானோவும் கேமரா முன் மோதுவது, முடிவைக் கணினி சொல்வது.

மார்சியானோ 49 போட்டிகளில் 49-ஐயும் வென்று, 1956-இல் ஓய்வு பெற்றவர். 1969-இல் அவருக்கு வயது 45. உடம்பை இளைக்க வைத்து, தலைக்கு டோப்பா வைத்துக்கொண்டு நடித்தார். முடிவுக் காட்சிகளைப் பலவிதமாக எடுத்து வைத்தார்கள். எது திரைக்கு வரும் என்று இருவருக்குமே தெரியாது. 1970 ஜனவரி 20 அன்று படம் திரையிடப்பட்டது. 13-ஆவது சுற்றில் அலி நாக் அவுட்! அதைப் பார்க்க மார்சியானோ இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று, 46-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், விமான விபத்தில் இறந்துவிட்டார்.

கணினி பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. கொடுத்த எண்களைக் கூட்டிக் கழித்துச் சொன்னது. அந்த எண்களைக் கொடுத்தவர்கள் மனிதர்கள்.

அது போகட்டும், யார் காலத்து விதிப்படி மோத விடுவது? ரீனோ போட்டிக்குக் குறித்த சுற்றுகள் 45. அலி காலத்தில் 15. இன்று 12. டெம்ப்சி 1919-இல் ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை கீழே தள்ளினார். விழுந்தவர் பக்கத்திலேயே நின்று, எழ எழ அடித்தார். இன்றானால் எட்டப் போய் மூலையில் நிற்க வேண்டும். மார்சியானோவின் எடை சுமார் 185 பவுண்டு. இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழே உள்ள குரூசர்வெயிட்! அவரை 270 பவுண்டு டைசன் ஃப்யூரி முன்னால் நிறுத்துவது நியாயமா?

இதையெல்லாம் எழுதும்போது எனக்குள் ஒன்று உறுத்துகிறது. வகுப்பில் நானும் இதே வேலையைச் செய்தவன். "போன பேட்ச் மாதிரி வருமா" என்று எத்தனை பேட்சிடம் சொல்லியிருப்பேன்! எட்டாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி நிறுத்தி, அவன் அண்ணன் வாங்கிய மதிப்பெண்ணை எல்லோர் முன்னாலும் படித்தேன். அண்ணன் படித்தபோது அவர்கள் அப்பா உயிரோடு இருந்தார். தம்பியோ விடிகாலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு வந்தவன். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் இன்று இந்தப் பதிவைப் படிக்கக்கூடும். தம்பி, அன்று நான் செய்தது தவறு.

பேரனுக்கு என்ன பதில் சொன்னேன் என்கிறீர்களா? "அலி யாரோடெல்லாம் மோதினார், டைசன் யாரோடெல்லாம் மோதினார், முதலில் அதைப் பார்ப்போம் வா" என்று இருவருடைய பழைய போட்டிகளையும் போட்டுக் காட்டினேன். இரவு பத்து மணி வரை பார்த்தோம். கடைசியில், "இருந்தாலும் அலிதான் தாத்தா" என்றான். எனக்கும் அதே எண்ணம்தான். அவனிடம் சொல்லவில்லை!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்